திண்டுக்கல் வட்டாரத்தில் குழந்தைகள் நலத்திட்டங்களும் மருத்துவக் காப்பீடும்

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் குழந்தைகளுக்கென்று தனியான அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. குடும்பத்துக்கு வழங்கப்படும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையே பிள்ளைகளுக்கும் உரியது. அமெரிக்கா 1997-இல் குழந்தைகளுக்கென்றே தனிக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலோ காப்பீட்டுக்கு வெகுகாலம் முன்பே பள்ளியில் சோறு வந்துவிட்டது.

இவ்வட்டாரத்தில் தாய்சேய் நலத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் தி. சு. சௌந்தரம். அவரும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு உருவான கஸ்தூர்பா மருத்துவமனை சுற்றுக் கிராமங்களின் பிரசவங்களைக் கவனித்தது. அரசு தரப்பில் 1956-இல் காமராசரின் மதிய உணவும், 1982 சூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும் வந்தன. 1989-இல் முட்டை சேர்ந்தது.

இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒன்று, 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் அது முன்னோட்டமாக நடந்தது. அப்போது திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்திலேயே இருந்தது. தனி மாவட்டமானது 1985-இல்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடையை வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள். கோடு ஏறாமல் நின்றால் அந்தக் குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு. நோய் முற்றும் முன்பே குறையைக் கண்டுபிடித்த இந்த முறை, பின்வந்த பல பெரிய அறிவிப்புகளைவிட மேலானது.

பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் திண்டுக்கல்லுக்கும் விரிந்தது. அந்தத் தேவை இங்கும் இருந்தது என்பது வேதனையான வரலாறு.

காப்பீடு 2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது: ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு நான்காண்டுகளில் ஒரு லட்சம். 2012 சனவரியில் வந்த இன்றைய திட்டம் அதை ஆண்டுக்கு ஒரு லட்சமாக்கியது. 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைந்தபோது தொகை ஐந்து லட்சமானது. பிறவி இருதயக் குறைபாட்டுக்கான அறுவை சிகிச்சையும், காது கேளாத சிறு குழந்தைக்கு உள்காதுக் கருவி பொருத்துவதும் இதில் அடங்கும். இலங்கைத் தமிழர் முகாம் குடும்பங்களுக்கு வருமான வரம்பு இல்லை. திண்டுக்கல் அருகே உள்ள தோட்டனூத்து முகாம் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

மற்றவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டுடன் பதிய வேண்டும். வரம்பு இப்போது 1,20,000 ரூபாய், அதாவது மாதம் பத்தாயிரம். நூற்பாலையில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் அதைத் தாண்டிவிடுவார்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஊசி மருந்து வாங்கும் அன்றாடச் செலவை அட்டை ஏற்காது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமே கதி. 2022 சனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனாலும் வரம்பைத் தாண்டிய குடும்பங்களுக்கு அட்டை இல்லை. குழந்தைகளின் சிகிச்சைக்காவது வருமான வரம்பை அரசு நீக்க வேண்டும்.