தோம்பும் தையலும்: நிலத் தகவல் கூட்டுக் கைவினையாகும்போது

கருத்துருக் கலையில் எண்ணமே படைப்பு. அதைச் செய்து முடிப்பது இரண்டாம்பட்சம். அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் 1967-இல் எழுதிய கட்டுரையில் இந்த நிலைப்பாட்டை வெளிப்படையாகவே முன்வைத்தார். நாட்டெல்லை, ஆறு, வீட்டுமனை போன்ற நிலத் தகவல்களைப் பலர் கூடிச் செய்யும் கைவினையாக மாற்றிய படைப்புகளைப் பார்க்கும்போது இந்த நிலைப்பாடு ஆட்டம் காண்கிறது. கை எதைச் செய்தது என்பதோடு, தகவல் யாரிடமிருந்து வந்தது என்பதையும் அங்கே கேட்டாக வேண்டியிருக்கிறது.

நிலப்படத்தைத் துணியில் தைப்பது பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர் தையற்கலைஞர்கள் ஸ்ரீநகரின் தெருக்களையும் ஜீலம் ஆற்றையும் சால்வையிலேயே வரைந்து காட்டினார்கள். இதைக் கருத்துருக் கலைக்குள் கொண்டுவந்தவர் இத்தாலியரான அலிகியேரோ போயெட்டி. 1971-இல் காபூல் சென்ற அவர், ஒவ்வொரு நாட்டின் பரப்பையும் அதன் தேசியக் கொடியால் நிரப்பிய உலகப்படத்தை ஆப்கன் பெண்களைக் கொண்டு தைக்கச் செய்தார். 1979-இல் சோவியத் படை நுழைந்த பிறகு, பாகிஸ்தானின் பெஷாவரில் அகதிகளாக இருந்த பெண்கள் அப்பணியைத் தொடர்ந்தார்கள். 1994-இல் அவர் இறப்பதற்குள் ஏறத்தாழ 150 படங்கள் உருவாயின.

அவற்றில் ஒரு படத்தில் கடல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. கடல் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிலப்பட மரபு தைத்தவர்களுக்குத் தெரியாது. கையிலிருந்த நூலால் நிரப்பினார்கள். போயெட்டி அதை மாற்றச் சொல்லவில்லை. பிறகு கடலின் நிறத்தைத் தைப்பவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த உரிமை நிறத்தோடு நின்றது. எல்லைகளும் கொடிகளும் வேறிடத்திலிருந்து வந்தவை. விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலில் இந்த ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்ததே: பாவு நூல் ஒருவருடையது, நெய்பவருக்குக் கூலி, சேலை விலைபோவது இன்னொருவர் பெயரில். போயெட்டியின் உலகப்படங்களும் ஏலக்கூடங்களில் அவர் பெயரில்தான் விலைபோகின்றன.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. 2011-இல் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் இதை அலுவலகக் கோப்பின் வடிவில் வெளியிட்டது. தோம்பு என்பது டச்சுக்காரர் ஆட்சிக்கால நிலப்பதிவேடு. தமிழ்நாட்டு வாசகர் பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றின் இடத்தில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். உள்நாட்டுப் போரின்போது, 1990 அக்டோபரில், இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 அக்டோபர் 30-ஆம் தேதி யாழ்ப்பாண நகரமும் வலிகாமம் பகுதியும் பெருமளவில் காலியாயின. இவ்வாறு பல கட்டங்களில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு சனாதனன் கேட்டார். அவர்களின் கைவரைபடமும், அதைக் கட்டடக் கலைஞர் அளவொழுங்குக்குக் கொண்டுவந்த படமும், சனாதனனின் ஓவியமும் வீட்டுக்கு வீடு இந்நூலில் தொடர்கின்றன.

இம்மூன்றில் கைவரைபடமே முதன்மையானது என்று கருத வேண்டும். நினைவிலிருந்து வரைபவர் நீள அகலம் பார்ப்பதில்லை. வாழ்க்கை எந்த அறையில் கழிந்ததோ அது பெரிதாகும், புழங்காத மூலை சுருங்கும். நில அளவையாளர் இதைப் பிழை என்று தள்ளுவார். இந்தப் பதிவேட்டிலோ அந்தப் பிழைதான் தகவல், வேறு எந்த அலுவலகமும் அதைக் குறித்து வைத்ததில்லை. கட்டடக் கலைஞரின் கோடு சுவர்களை நேராக்கும்போது சற்று முன் அங்கிருந்தது காணாமல் போகிறது. அரசுப் பதிவேடு மனிதரிடமிருந்து எதைக் கழித்துவிட்டு எழுதப்படுகிறது என்பது அந்த இரு தாள்களுக்கு நடுவே வெளிப்படையாகவே தெரிகிறது. வீடும் உறுதிப்பத்திரமும் போருக்கு இரையானவருக்கு இந்தப் படம் ஒருவேளை எஞ்சிய ஒரே சாட்சியாகவும் இருக்கக்கூடும்.

இந்நூலின் அட்டையிலும் ஒரே கலைஞரின் பெயர்தான் இருக்கிறது; அந்த வகையில் போயெட்டியின் சிக்கல் இங்கே முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. என்றாலும் வேறுபாடு அடிப்படையானது. காபூலில் தைத்தவர் மாறியிருந்தாலும் உலகப்படத்தின் எல்லைகள் அப்படியேதான் இருந்திருக்கும். தோம்பில் வரைந்தவர் மாறினால் அந்த வீடே பக்கத்தில் இருக்காது.