ஜீப்புக்குப் பெரிய டயர்: ஒரு ரெண்டு இஞ்ச் வரலாறு

புனேயில் எங்களிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. "அப்பா, வண்டி கம்பீரமா இருக்கு, டயர் மட்டும் சைக்கிள் டயர் மாதிரி இருக்கு"ன்னு பையன் ரொம்ப நாளா நச்சரிப்பு. (எனக்கும் ஆசைதான், பழியை அவன் மேல் போடுகிறேன்.) 2021-ல் ஒரு வழியாக 29 இஞ்ச் டயரைக் கழட்டிவிட்டு 31 இஞ்ச் போட்டாச்சு. வண்டி நிமிர்ந்து நின்றது. நானும்தான்!

அடுத்த வாரமே மஹாபலேஷ்வர் பயணம். திரும்பும்போது பஞ்ச்கனியிலிருந்து வாய் என்ற ஊருக்கு இறங்கும் பசர்ணி மலைப்பாதை. வழக்கம்போல இரண்டாவது கியரில் விட்டேன். எப்போதும் அடங்கி இறங்கும் வண்டி அன்று ஓடியது. பிரேக்கை மிதித்தால் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். ஒரு முழ இடைவெளியில் தப்பித்தோம். வாய் வரும்வரை தங்கமணி வாயே திறக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜீப்பைச் செய்தவர்களே டயரைப் பெரிதாக்கியபோது என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் டயர் 6.00-16. அதாவது அகலம் 6 இஞ்ச், ரிம் 16 இஞ்ச், மொத்த உயரம் சுமார் 29 இஞ்ச். உலகப் போர் முழுக்கச் சேற்றிலும் மணலிலும் ஓடியது இந்த ஒல்லி டயரில்தான். 1950-ல் அதற்கு அடுத்த ராணுவ ஜீப்பான எம்-38 வந்தது. கொரியப் போருக்குப் போன வண்டி. அதில் டயர் 7.00-16 ஆனது. உயரம் சுமார் 2 இஞ்ச் கூடியது.

ஆனால் டயர் மட்டும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எம்.பி.யின் ஆக்ஸில் கியர் விகிதம் 4.88. எம்-38-ல் அது 5.38. சேஸிஸுக்கும் ஸ்பிரிங்குக்கும் பலம் கூட்டினார்கள். பின் ஆக்ஸிலே வேறு.

ஏன்? டயர் உயரமானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகும். 29-லிருந்து 31 என்றால் சுமார் 7 சதவீதம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 64. ஏற்றத்தில் இன்ஜின் திணறும். இறக்கத்தில் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் பலமும், பிரேக்கின் பலமும் அதே அளவு குறையும். பசர்ணியில் எனக்கு நடந்தது இதுதான். இத்தனைக்கும் ஆக்ஸில் தரையிலிருந்து உயர்வது ஒரே ஒரு இஞ்ச். மீதி ஒரு இஞ்ச் ஆக்ஸிலுக்கு மேலே போய்விடுகிறதே!

இந்தியாவிலும் இதே கதைதான். 2010-ல் வந்த மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. வண்டியின் டயர் 235/70 ஆர்16. கணக்குப் போட்டால் 29 இஞ்ச். 2020-ல் வந்த புதிய தாரில் 255/65 ஆர்18, அதாவது 31 இஞ்ச். அதே ரெண்டு இஞ்ச்! அதற்காக என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூடவே வண்டியே புதிதாகிவிட்டது. பின்னால் இருந்த பட்டை ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. நான் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடித்த வேலையைக் கம்பெனிக்காரர்கள் பத்து வருஷத்தில் செய்திருக்கிறார்கள்.

அப்போ மணலில் என்னதான் செய்வது? அதற்கும் பழைய பதில் இருக்கிறது. ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1920-களிலும் 30-களிலும் லிபியப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டினார். மணல் வந்தால் டயரில் காற்றைக் குறைப்பார். டயர் அமுங்கி, தரையைத் தொடும் பரப்பு நீளும், வண்டி புதையாது. 1940-ல் எகிப்தில் அவர் தொடங்கிய பாலைவனப் படையும் இதே வித்தையைத்தான் பயன்படுத்தியது. செலவு: பூஜ்யம். தார்ச் சாலைக்கு வந்ததும் மறக்காமல் திரும்பக் காற்றடிக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும்.

பழைய டயர்களைத் தூக்கிப் போடாமல் பால்கனியில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மறுநாளே மாட்டிவிட்டேன். பெரிய டயர் போட நினைப்பவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் ஆக்ஸில் கியர், பிரேக், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் எங்கே உரசுகிறது, இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பணமும் நேரமும் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பாக்னால்ட் கதையைச் சொன்னேன். இப்போது காற்று அளக்கும் மீட்டரோடு வண்டியைச் சுற்றி வருகிறான்.