பாயிரம் இழந்த காவியம்

நூலைக் கையில் எடுத்ததும் முகவுரையைத் தள்ளிவிட்டு உள்ளே புகும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால், சிறப்புப் பாயிரம் கூறவேண்டுவனவற்றுள் ஆக்கியோன் பெயரையும் நூல் வந்த வழியையும் நன்னூலார் முன்னே நிறுத்தினார். அவ்விதியின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு தெலுங்குக் காவியத்தின் வரலாறு.

தஞ்சையை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். அவர் அவையில் தெலுங்குப் புலமைக்குப் பெருமதிப்பு இருந்தது. அங்கே விளங்கிய முத்துப்பழனி என்னும் கணிகை, 'ராதிகா சாந்த்வனம்' என்னும் சிருங்கார காவியத்தை இயற்றினார். ஊடிய இராதையைக் கண்ணன் தேற்றுவதே கதை. அதன் முன்னுரையில் தம் பாட்டி தஞ்சநாயகியையும், குடும்பத்துப் பெண்டிரையும், ஆசிரியரையும் நன்றியோடு குறித்தார். தம் புலமையைப் பற்றியும் பெருமிதத்துடன் பேசினார்.

1887-ஆம் ஆண்டில் வெங்கடநரசு என்பார் அந்நூலை அச்சிட்டார். அப்பதிப்பில் சில பாடல்கள் இல்லை. அந்த முன்னுரையும் இல்லை. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. கவிதை நின்றது, கவியின் தாய்வழி மறைந்தது.

பின்னர், பெங்களூர் நாகரத்தினம்மாள், தஞ்சைக் காலத் தெலுங்கிலக்கியம் பற்றிய ஓர் உரையில் இந்நூலைப் புகழ்ந்த குறிப்பொன்றைக் கண்டார். முயன்று அச்சுப் பிரதியைப் பெற்றார். அது குறையுடையது என அறிந்து, ஏட்டுப் பிரதியையும் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். 1910-இல் சென்னை வாவிள்ள இராமசாமி சாஸ்திரலு நிறுவனத்தார் வாயிலாக முழுநூலை வெளியிட்டார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பிய அதே அம்மையார்தாம் இவர். முத்துப்பழனியின் குலத்தை மறைக்க அவர் முற்படவில்லை. தாமும் அம்மரபினரே அன்றோ!

ஆந்திரச் சீர்திருத்தத் தலைவர் வீரேசலிங்கம், பெண்பாலுக்குரிய நாணம் சிறிதும் இல்லாதவர் என முத்துப்பழனியைக் கண்டித்திருந்தார். நாணம் பெண்ணுக்கு மட்டுமோ, ஆணுக்கு இல்லையோ என்று நாகரத்தினம்மாள் எழுத்தில் வினவினார். ஆடவர் இயற்றிய சிருங்கார நூலொன்றை அவரே திருத்தி வெளிவர இசைந்ததையும் சுட்டினார். ஆயினும், ஆபாசம் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1911-இல் அரசினர் பிரதிகளைக் கைப்பற்றினர். பிற்காலத்தில் பிரகாசத்தின் ஆதரவால் தடை நீங்கி, 1952-இல் நூல் மீண்டும் அச்சேறியது. அவ்வாண்டே நாகரத்தினம்மாளும் மறைந்தார்.

இவ்வரலாறு எனக்குக் கற்பித்தது யாது? ஒருவர் எழுதிய ஒரு குறிப்பு, மறைந்த காவியத்திற்கு வழிகாட்டியது. ஒருவர் நீக்கிய சில பக்கங்கள், ஒரு பரம்பரையையே இருளில் ஆழ்த்தின. மேற்கோள் காட்டுதல் புலவர்க்குரிய சடங்கு மட்டுமன்று. யாரிடம் கற்றோம் என்பதை ஒப்புக்கொள்ளும் கடன். அக்கடனில் பெண்டிர்க்குரிய பங்கு எளிதில் விடுபடுகிறது. "ஒரு பெண்பாற் புலவர்" என்று பெயரின்றிச் சொல்லிச் செல்வதும், பதிப்பித்தவளை மறந்து பாட்டை மட்டும் போற்றுவதும் அந்தப் பழைய பதிப்பின் குறையையே தொடர்வதாகும்.

ஆதலின், நான் இப்போது முகவுரையைத் தாண்டுவதில்லை. முத்துப்பழனியைக் குறிப்பிடும்போது தஞ்சநாயகியையும் குறிப்பிடுகிறேன். அவ்விருவரையும் நமக்கு மீட்டளித்த நாகரத்தினம்மாளையும் குறிப்பிடுகிறேன். மூன்று பெயர்களைச் சொல்லச் சில விநாடிகள் போதும். அவை விடுபட்டாலோ, மீட்டெடுக்க இன்னொரு நாகரத்தினம்மாள் பிறக்க வேண்டும்.