லௌசிட்ஸ்: ஓர் எல்லை நாடும் அதன் மொழியும்

சீகன்பால்கைப் பற்றி எழுதுவோர் பலர் அவரை ஜெர்மானியர் என்று கூறுவதோடு நின்றுவிடுகின்றனர். 1682 இல் அவர் பிறந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூர் அமைந்த நாட்டை ஜெர்மானியர் லௌசிட்ஸ் என்பர். அது ஓர் எல்லை நாடு. அவ்வூரின் பெயரையே தாங்கிய ஆறு, மேல் லௌசிட்ஸுக்கும் மைசன் நாட்டிற்கும் பழைய எல்லையாக ஓடிற்று. பொகீமிய மன்னருக்கு உட்பட்டிருந்த அந்நாடு 1635 இல் சாக்சனியைச் சேர்ந்தது. 1815 இல் அதன் பெரும்பகுதி பிரஷ்யாவுக்குச் சென்றது. 1945 க்குப் பின் நைசே ஆற்றின் கிழக்குப் பகுதி போலந்துக்கு உரியதாயிற்று.

லௌசிட்ஸ் என்பது ஜெர்மானியர் படைத்த சொல் அன்று. அங்கு முன்னரே குடியிருந்த சோர்பியர் என்னும் சிலாவிய இனத்தார் சதுப்பு நிலத்திற்கு வழங்கிய சொல்லே ஜெர்மானியர் நாவில் இவ்வாறு திரிந்தது. நிலத்தின் பெயர் நிலைத்தது. அதை இட்டவரின் மொழியோ உழவர் பேச்சென்று தாழ்த்தப்பட்டது.

அம்மொழிக்கு ஏற்றம் தந்தவற்றுள் திருமறை தலையாயது. மிகாயேல் பிரென்ட்சல் என்னும் லுத்தரன் போதகர் மேல் சோர்பிய மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1706 இல் அச்சேறியது. அதே ஆண்டு ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்து 1719 இல் அவர் மரித்தார்; எஞ்சியதைச் சூல்ட்சே நிறைவேற்ற, அது 1728 க்குள் அச்சேறியது. சோர்பிய முழுத் திருமறை வெளிவந்ததும் 1728 இல்தான்.

ஒன்றின் விளைவே மற்றொன்று என்று இங்குச் சாதிக்க வேண்டுவதில்லை. எளிய மக்கள் தம் தாய்மொழியிலேயே இறைவாக்கைக் கேட்கவேண்டும் என்னும் சீர்திருத்தக் கொள்கையே இரண்டிற்கும் வேர். தரங்கம்பாடியை ஆண்டவர் டேனியர். ஐரோப்பியர் பலரும் மக்களோடு பேசப் பயன்படுத்தியது போர்த்துக்கீசிய மொழி. சீகன்பால்கு அதனோடு அமையாமல், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுதிக் கற்றார்.

1937 இல் நாசி அரசு சோர்பியரின் தலைமைச் சங்கமாகிய டொமோவினாவைத் தடை செய்து, அம்மொழியைப் பொதுவாழ்விலிருந்து அகற்ற முற்பட்டது. ஆயினும் இன்றும் சோர்பிய மொழியில் வழிபாடு நடைபெறுகிறது.

நம் சிவகாசி வட்டாரமும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பின்னர் இராமநாதபுரத்தோடு சேர்ந்தது. 1985 இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்திற்கு உரியதாயிற்று. எல்லைகள் மாறினும் எம். புதுப்பட்டியின் பேச்சு மாறவில்லை. பட்டாசு ஆலையிலிருந்து மாலையில் வீடு திரும்பும் தாய்க்கு விளங்கும் தமிழில் நாம் பிரசங்கிக்கிறோமா? லௌசிட்ஸின் வரலாறு போதகராகிய நம்மை நோக்கி எழுப்பும் வினா இதுவே.