கடல் காணாக் கொங்கும் கணவாய் வழியும்

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடற்கரையிலிருந்தே தொடங்குவர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் எனத் துறைகளை வரிசைப்படுத்தி, மரக்கலம் ஏறி வந்த அரபு வணிகரைப் பேசி, மரக்காயர் பெருமையோடு நிறைவு செய்வர். அது மெய்யான வரலாறே, குறை கூறுவதற்கில்லை. ஆயின் கடலையே காணாத ஒரு தமிழ் நிலமும் உண்டு. அங்கும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். கோவைக் கோட்டைமேட்டிலோ தாராபுரத்திலோ பள்ளபட்டியிலோ பிறந்த ஒரு பிள்ளை, "நம் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள்?" என்று கேட்டால், அந்நூல்களில் அதற்கு விடை கிடையாது. அவ்விடையைக் கணவாய்களிலும் பெருவழிகளிலும்தான் தேட வேண்டும்.

சேரம், சோழம், பாண்டியம், தொண்டை, கொங்கு எனப் பழந்தமிழகத்தை ஐந்து மண்டலங்களாகப் பகுத்தனர். அவற்றுள் கடற்கரை இல்லாதது கொங்கு ஒன்றே. மேற்கே வெள்ளியங்கிரி, வடமேற்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனிமலையும், வடகிழக்கே சேர்வராயனும் கொல்லிமலையும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. நொய்யலும் பவானியும் அமராவதியும் கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலக்கின்றன. மலைகள் அழகு தந்தனவேயன்றி மழையைத் தரவில்லை. வால்பாறையில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை, மலையைத் தாண்டிக் கோவைச் சமவெளிக்கு வரும்போது 700 மில்லிமீட்டர் அளவிற்குச் சுருங்கிவிடுகிறது. ஆதலின் கொங்கு உழவன் ஆழக் கிணறு வெட்டிக் கவலை பூட்டி நீர் இறைத்தான். கிணற்றுக்கும் வழியில்லாத காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி கட்டிக் கொறங்காடு வளர்த்து, கொழுக்கட்டைப் புல்லை மேயவிட்டு, காங்கயம் காளைகளைப் பெருக்கினான். வண்டி இழுப்பதில் அக்காளைகளுக்கு ஈடு அரிது.

காளையும் வண்டியும் பெருகிய நாட்டில் வழியும் பெருகுவது இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஓர் இடைவெளி உண்டு. ஆப்கானியருக்குக் கைபர் எப்படியோ, சுவிட்சர்லாந்து மக்களுக்கு ஆல்ப்ஸ் மலைக் கணவாய்கள் எப்படியோ, கொங்கு மக்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் அப்படி. மேற்குக் கடலின் முசிறிக்கும் கிழக்கே கருவூருக்கும் இடைப்பட்ட வழி இதுவே. வெள்ளலூர், கத்தாங்கண்ணி, பொள்ளாச்சி ஆகிய ஊர்களில் ரோமானிய நாணயங்கள் கிடைத்தமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், மணிகள் செய்த தொழிற்கூடங்களின் தடயங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. அருகிலுள்ள படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் உள்ள குன்றில் காணப்படும் கல்வெட்டு, இராசகேசரிப் பெருவழி என்று சாலையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி, அவ்வழியில் வந்த நம் மக்களுக்கு வருவோம். கொங்கில் பரவலாக வாழும் முஸ்லிம்கள் இராவுத்தர்கள். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, தாராபுரம், பள்ளபட்டி எனத் தொடங்கி, கணவாய்க்கு அப்பால் பாலக்காட்டுப் புதுநகரம் வரை அவர்தம் குடியிருப்புகள் சாலையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. இராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரனைக் குறிப்பது. அருணகிரிநாதர் முருகப் பெருமானையே இராவுத்தன் என விளித்திருக்கிறார் எனில், அச்சொல்லுக்கு அக்காலத் தமிழகத்தில் இருந்த மதிப்பை உணரலாம். துருக்கியக் குதிரைப் படையினரின் வழிவந்தோர் என்று சிலரும், குதிரை வணிகர் மரபினர் என்று சிலரும், இஸ்லாத்தைத் தழுவிய தமிழ்ப் படைமறவர் என்று சிலரும் கூறுவர். மூன்றும் கலந்தே இருக்கும் என்பது என் எண்ணம். பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல்கடந்து வரவழைத்ததையும், பேணத் தெரியாமல் அவை மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கடற்கரையில் இறங்கிய குதிரையை உள்நாட்டில் ஓட்டிச் செல்லவும் பேணவும் பழக்கவும் ஒரு கூட்டம் வேண்டுமல்லவா? வரலாற்று நூல்கள் குதிரை இறங்கிய துறையை எழுதின. அது நடந்த வழியை எழுத மறந்தன. அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசுவாமி திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைக் கண்டவர், அவ்வழி இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதை அறிவர்.

வடக்கே மைசூருக்கு ஏறும் கணவாய்கள் வேறொரு கிளையைக் கொண்டுவந்தன. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் கோவையும் ஈரோடும் தாராபுரமும் கோட்டை நகரங்கள். 1790 செப்டம்பரில் திப்பு கெஜல்ஹட்டிக் கணவாய் வழியே இறங்கி, சத்தியமங்கலத்தருகே ஆங்கிலப் படையைத் தாக்கினார். 1799இல் அவர் வீழ்ந்தபின் கொங்கு கும்பெனியார் வசமாயிற்று. கோவைக் கோட்டை இன்றில்லை. கோட்டைமேடு என்னும் பெயர் இருக்கிறது. இந்நகரில் இன்றும் வீட்டில் தக்கனி உருது பேசும் குடும்பங்கள் உண்டு.

1862இல் புகைவண்டிப் பாதையும் அதே பாலக்காட்டுக் கணவாயையே தேர்ந்தது. அதில் பஞ்சு சென்றது, மரம் வந்தது. 1921 நவம்பரில் வந்தது மரமன்று. மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட ஏறக்குறைய நூறு கைதிகளை, பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்களை, திரூரில் காற்றுப் புகாச் சரக்குப் பெட்டியொன்றில் அடைத்து அனுப்பினர். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. மாண்டோர் அறுபதுக்கும் மேற்பட்டவர். நம் ஊர் நிலையத்தில் நிகழ்ந்த இதனை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

கரிசல் மண்ணும் பருத்தியும் 1888இல் கோவைக்கு முதல் நூற்பாலையைத் தந்தன. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வேர்விட்டது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். அங்கு முதன்முதல் பனியன் நெய்யும் எந்திரத்தை நிறுவியவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார். கல்கத்தாவில் அத்தொழிலைக் கண்டு வந்து தொடங்கினார் என்பர். உலகெங்கும் ஆடை அனுப்பும் அந்நகரின் வரலாற்றைக் கூறும் கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரி கிடைக்கிறது. நம்மவர் எழுதிய நூல்களில் அந்த ஒரு வரியையும் நான் காணவில்லை.