சின்ன ரயிலும் ஒரு டோக்கனும்



நம் கிளப் ஹவுஸில் ஜிம்முக்குப் பக்கத்து அறையில் இரண்டு வருடமாக ஒரு மேசை இருக்கிறது. எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம். அதன் மேல் ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகள் போடும் சத்தத்தையாவது கேட்டிருப்பீர்கள்.

அந்த அறையை கூரியர் பார்சல் வைக்கும் அறையாக மாற்றலாமா என்று வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. நியாயமான கோரிக்கைதான். செக்யூரிட்டி மேசைக்கு அடியில் பார்சல்கள் குவிந்து கிடப்பதை நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், "அது வெறும் பொம்மை ரயில்தானே சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் சரி, பொம்மை ரயிலின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு தூக்குங்கள்.

நம் ஊரில் சின்னதுதான் முதலில் வந்தது

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1836-ல், சென்னை சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்கு அருகே சோதனைக்காக ஒரு சிறிய தண்டவாளத் துண்டு போட்டார்கள். அதன் பின் 1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை பாதை வந்தது. பட்டணத்து ரோடுகளுக்குச் செம்புறைக்கல் கொண்டுவரப் போட்ட பாதை அது. அதைப் போட்டவர் ஆர்தர் காட்டன். பின்னாளில் கோதாவரியில் அணை கட்டிய அதே காட்டன்தான்.

சின்னதாகப் போட்டுப் பார்ப்பது, சரியாக வந்தால் பெரிதாக்குவது. நம் நாட்டு ரயிலே அப்படித்தான் ஆரம்பித்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. (நம் ஒரகடம் ரோட்டில் நேராகப் போனால் வரும் வாலாஜாபாத் வேறு, ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு வேறு. புதிதாக வந்தவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஐந்தரை அடி. அதற்குச் செலவு அதிகம். கிளைப் பாதைகளைச் சிறியதாகவும் மலிவாகவும் போட்டால் என்ன என்று இந்தியன் டிராம்வே கம்பெனி யோசித்தது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு பாதை போட்டு 1865-ல் வண்டி விட்டார்கள். அந்தக் கம்பெனி 1874-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. பாதை மீட்டர் கேஜாக மாறி, வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு வரை நீண்டது. இன்று அதுவும் அகலப் பாதை. சின்னதாகத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாதை, நம் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது.

பொம்மை எப்படி அளவுக்கு வந்தது

இப்போது மேசை ரயிலுக்கு வருகிறேன். ரயில் பொம்மைகள் பழையவை. ஆனால் ஒவ்வொரு கடையின் பொம்மையும் ஒவ்வொரு அளவில் இருந்தது. ஒன்றின் தண்டவாளத்தில் இன்னொன்று ஓடாது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891-ல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்து ஓடும் ரயிலை வைத்தது. அதன் சிறப்பு என்னவென்றால், தண்டவாளத்துக்கு நிலையான அளவுகளை வகுத்து அவற்றுக்கு எண் கொடுத்திருந்தார்கள். இன்று ஒரு பெட்டி, அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டு தண்டவாளம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ரெக்கரிங் டெபாசிட் மாதிரி.

இங்கிலாந்தில் மெக்கானோ பொம்மைகளால் பெயர் பெற்ற ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் ரயில் செய்ய ஆரம்பித்தார். வீடுகள் சிறியதாக ஆக ஆக ரயிலும் சிறியதானது. 32 மில்லிமீட்டர் தண்டவாளம் 16.5 ஆனது. இன்று உலகத்தில் அதிகம் விற்கும் எச்.ஓ. என்ற அளவு அதுதான். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடையில் கிடைப்பதோ வெளிநாட்டு அளவான 16.5. ஆகையால் அதில் நம் ஊர் வண்டியை ஓட்டினால் சக்கரம் கொஞ்சம் உள்வாங்கித்தான் நிற்கும். ஆனால் பழைய மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை, காஞ்சிபுரத்தின் மூன்றரை அடியை வகுத்தால் பன்னிரண்டேகால். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் உண்டு. நம் பக்கத்துப் பழைய ரயிலை ஏறக்குறைய சரியான அளவிலேயே மேசை மேல் கொண்டுவந்துவிடலாம்.

பெரியவர்களும் இதில்தான் படித்தார்கள்

பொம்மை என்று சொன்ன நண்பருக்கு இந்தப் பகுதி. 1912-ல் இங்கிலாந்தின் லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வே, சிக்னல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே மான்செஸ்டரில் ஒரு மாதிரி ரயில்பாதை அமைத்தது. 1990-கள் வரை அது பயிற்சிக்குப் பயன்பட்டது. இன்று யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ரயில்வேயின் பயிற்சிப் பள்ளிகளிலும் மாடல் ரூம் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் ஆகப்போகிறவர் நிஜ வண்டியைத் தொடுவதற்கு முன்னால் மேசை வண்டியை அனுப்பி, வாங்கிப் பழகுகிறார்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-ல் ஒரு மாடல் ரயில் சங்கம் தொடங்கினார்கள். மேசைக்கு மேலே ரயில், மேசைக்குக் கீழே டெலிபோன் சுவிட்சுகளும் வயர்களும். கீழே படுத்து வயர் இழுத்த பையன்களில் சிலர் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். "ஹேக்கர்" என்ற சொல் இன்றைய பொருளுக்கு வந்தது அந்தச் சங்கத்தின் பேச்சு வழக்கிலிருந்துதான். நம் குடியிருப்பில் பாதிப் பேர் ஐ.டி.யிலோ கார் கம்பெனியிலோ இருக்கிறீர்கள். இது உங்கள் குடும்பக் கதை.

டோக்கன்

எங்கள் பெரியப்பா மீட்டர் கேஜ் காலத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தார். கோடை விடுமுறையில் அங்கே போவேன். ஒற்றைப் பாதை. ஒரே பாதையில் இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வரவேண்டும், மோதக்கூடாது. அதற்கு அவர் அறையில் ஒரு இரும்பு எந்திரம் இருந்தது. அடுத்த ஸ்டேஷனிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டுக்கும் வயர் தொடர்பு. மணி அடித்து அனுமதி கேட்டு, அந்தப் பக்கம் சம்மதித்தால் இங்கே ஒரு உலோக உருண்டை வெளியே வரும். அதுதான் டோக்கன். அது வெளியே இருக்கும்வரை இரண்டு எந்திரத்திலிருந்தும் இன்னொன்றை எடுக்கவே முடியாது. தோல் பையில் உருண்டையைப் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். வண்டி நிற்காவிட்டால் ஓடுகிற இன்ஜினிலிருந்தே டிரைவர் கையை விட்டு வாங்கிக்கொள்வார். டோக்கன் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார்.

பிறகு நான் வங்கியில் சேர்ந்தபோது என்னிடம் முதலில் கொடுத்த வேலையும் டோக்கன்தான். செக்கை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் கொடுப்பேன். செக் அதிகாரியிடம் போகும், கேஷியர் எண்ணைக் கூப்பிடுவார், டோக்கனை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பார். மாலையில் ஒரு டோக்கன் குறைந்தால்கூட யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான் என்று அப்போதே தோன்றியது. அடுத்தவரை நேரில் பார்க்காமலேயே நம்புவதற்கு ஒரு வழி.

நம் மேசை

நம் மேசையில் ஆரம்பத்தில் ஒரே ஒரு நீள்வட்டம்தான். பிளைவுட், அதன் மேல் கார்க் ஷீட், அதன் மேல் தண்டவாளம். சலித்த கல்தூளை ஃபெவிகால் தண்ணீரில் ஊறவைத்து ஜல்லி போட்டோம். தண்டவாளத்தில் 12 வோல்ட். கூட்டல் கழித்தலை மாற்றினால் வண்டி பின்னால் போகும். வண்டி திரும்பி வந்த வழியே போகட்டும் என்று ஒரு வளைவை அதே பாதையில் கொண்டுவந்து சேர்த்தோம். வலது தண்டவாளம் இடதைத் தொட்டது, ஷார்ட் ஆகி எல்லாம் நின்றது. அந்த ஒரு துண்டைத் தனியாகப் பிரித்து, அதற்குத் தனி சுவிட்ச் வைத்த பிறகுதான் ஓடியது. ஒரகடம் லாரித் தூசி தண்டவாளத்தில் படிந்தால் இன்ஜின் திக்கும். வாரா வாரம் துடைக்க வேண்டும்.

நீள்வட்டத்தில் வண்டி சுற்றுவதைப் பிள்ளைகள் பத்து நிமிடம் பார்த்தார்கள். அப்புறம் போனை எடுத்துவிட்டார்கள். கட்டுவது ஒரு சந்தோஷம், ஆனால் ஓட்டுவதற்கு ஒரு வேலை இருந்தால்தான் மேசை உயிரோடு இருக்கும் என்று அன்றுதான் புரிந்தது. அதனால் ஓரத்தில் ஷண்டிங் பாதை போட்டோம். ஆங்கிலேயர் அலன் ரைட் வகுத்த புதிர் அது. மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் பக்கத்து வழியில் மூன்று வேகனுக்குத்தான் இடம். எட்டு வேகனில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கைப் பெருக்குங்கள். 6,720 வரிசைகள். நான்கடி நீளத்தில் ஒரு பிள்ளையின் விடுமுறை முழுவதற்கும் போதும்.

பிறகு இரண்டு ஸ்டேஷன் வைத்தோம், இரண்டு கன்ட்ரோலர், நடுவில் ஒற்றைப் பாதை. முதல் ஞாயிறே ஏ பிளாக் பையனும் சி பிளாக் பெண்ணும் எதிரெதிராக வண்டியை விட்டார்கள். இன்ஜின் கீழே விழுந்து கொக்கி உடைந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். "நீதான் பார்த்திருக்கணும்" என்று ஒருவர் மேல் ஒருவர் பழி.

அடுத்த வாரம் என் மனைவியின் பழைய மணிமாலையிலிருந்து ஒரு மரமணியைக் கழற்றிக் கொண்டுபோனேன். "இது யார் கையில் இருக்கோ அவங்க வண்டி மட்டும்தான் நடுப்பாதைக்குள்ள வரலாம்" என்றேன். அவ்வளவுதான், சண்டை நின்றது. இப்போது அந்தப் பெண் பிடிவாதமாகக் கேட்கிறாள்: "தாத்தா, டோக்கன் வாங்காம நீங்க எப்படி வண்டிய எடுத்தீங்க?" அவள் கேட்டது சரி. நான்தான் மறந்துவிட்டேன்.

இனி உங்கள் முடிவு

புனேயில் ஜோஷி குடும்பத்தார் ஒரு மாதிரி ரயில் அருங்காட்சியகத்தை 1998-ல் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் உண்டர்லேண்டில் தண்டவாளத்தின் நீளம் மட்டும் பதினாறு கிலோமீட்டரைத் தாண்டும். நாம் அவ்வளவுக்கு ஆசைப்படவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது, 2010-ல் ஒரகடத்திலும் பெரிய தொழிற்சாலை வந்தது. இவ்வளவு வந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு ரயில் நிலையம் இல்லை. ஆவடியையும் கூடுவாஞ்சேரியையும் இணைத்து இந்த வழியாக வரவேண்டிய பாதை பல வருடமாகத் திட்டத்திலேயே இருக்கிறது. நாம் செய்யும் கார்கள் வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயில் ஏறுகின்றன. பழைய பயணிகள் பெட்டியில் இருக்கைகளை எடுத்துவிட்டு, ஜன்னலை அடைத்து, கோடியில் கதவு வைத்த பெட்டிகள் அவை. நம் மேசையில் அடுத்து அந்தப் பெட்டியைத்தான் அட்டையில் செய்யப்போகிறோம். கார் கம்பெனியில் வேலை பார்க்கும் பி பிளாக் நண்பர் அளவெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா செய்த கார் எப்படி ஊரைவிட்டுப் போகிறது என்று அவர் பிள்ளைக்கு அந்த மேசைதான் காட்டும்.

பார்சலுக்கு இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மேசையை மடக்கிச் சுவரோடு நிறுத்தக் கீல் போடலாம், செலவு நான் ஏற்கிறேன். வார நாளில் பார்சல், ஞாயிறு மாலையில் ரயில். ஒரே அறை, ஒரு நேரத்தில் ஒருவர். இதுவும் டோக்கன் முறைதான்.

பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். வண்டியை நீங்களே ஓட்டலாம். மரமணியை மட்டும் முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.