ஜல்லிக்குத் தப்பிய நீலம்

புனேயிலிருந்து அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) போகும் சாலையில் இருக்கிறது வாகோலி. ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே இருந்த ஊர். இன்று அடுக்குமாடிகள் அதை விழுங்கிவிட்டன. அந்தக் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லி தந்தவை இந்த வட்டாரத்துக் கல் குவாரிகள். வெடி வைப்பார்கள், கரும்பாறை சரியும், லாரியேறிக் கிரஷருக்குப் போய்விடும். 1980களின் பிற்பகுதியில் அந்தப் பாறையின் இடுக்குகளில் மயில்கழுத்து நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் தென்பட்டன. கேவன்சைட் என்ற கனிமம் அது. உலகில் இன்று பெரிய சேகரிப்புகளில் இருக்கும் சிறந்த கேவன்சைட் துண்டுகளில் அநேகமாக எல்லாமே இந்த ஒரே ஊரிலிருந்து போனவைதான்.

அதன் பிறப்புக் கதை நீளமானது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் பிளந்து, எரிமலைக் குழம்பு மறுபடி மறுபடி வழிந்து அடுக்கடுக்காக இறுகியது. உள்ளே சிக்கிய வாயு, குமிழி வடிவப் பொந்துகளை விட்டுச்சென்றது. பின்னால் சூடான நீர் பாறைக்குள் ஊறியது; பாறையிலிருந்தே சிலிக்கா, கால்சியம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வந்து பொந்துகளிலும் வெடிப்புகளிலும் படியவைத்தது. ஹியூலண்டைட், ஸ்டில்பைட் போன்ற ஜியோலைட் வகை வெளிர்நிறக் கனிமங்கள் முதலில் சுவர் முழுக்கப் படர்ந்தன. அவற்றின் மேல் தாமதமாக வந்து உட்கார்ந்தது கேவன்சைட். கால்சியம், வனேடியம், சிலிக்கா, தண்ணீர் ஆகியவைதான் சேர்மானம். நீலம் வனேடியத்தின் உபயம். ஒரே புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் ஊசிகள் கிளம்பி உருண்டையாகத் திரண்டிருப்பதைப் பார்த்தால் கடம்பப் பூதான் நினைவுக்கு வரும்.

ஆனால் விஞ்ஞானம் இதை முதலில் சந்தித்தது இந்தியாவில் அல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒவைஹீ அணைக்குப் பக்கத்தில் கிடைத்தது. 1973இல் முறையாக விவரித்தார்கள். கூடவே பென்டகோனைட் என்ற உடன்பிறப்பும் அறிமுகமானது. இரண்டுக்கும் சேர்மானம் ஒன்று, அணுக்களின் அடுக்கு வேறு. பென்டகோனைட்டின் படிகங்கள் பின்னிப் பிணைந்து வளரும்போது குறுக்கே பார்த்தால் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். அதுவும் வாகோலியில் கிடைக்கிறது. ஆனால் இன்னும் அபூர்வம்.

தக்காணத்துக் கற்களைச் சேகரிக்கும் பழக்கம் கேவன்சைட்டோடு தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள போர்காட் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டபோதே பாறைக்குள்ளிருந்து அழகழகான ஜியோலைட்கள் வந்தன. அவற்றில் பல பிரிட்டனுக்குக் கப்பலேறின. கிணறு வெட்டினாலும் மலையைக் குடைந்தாலும் கிடைக்கும் பொருள் என்று மகாராஷ்டிரத்துக்காரர்களுக்கு இது பழக்கமானதுதான்.

குவாரியில் கேவன்சைட்டை முதலில் பார்ப்பவர் புவியியலாளர் அல்ல, கல் உடைக்கிற கூலியாள். வெடிப்புழுதி அடங்கியதும் அவர் கண்ணில் அந்த நீலம் பட்டால் பிழைத்தது, படாவிட்டால் ஜல்லி. பட்டாலும் எடுப்பது சுலபமில்லை. கடினத்தன்மை அளவுகோலில் இதற்கு மூன்றிலிருந்து நான்குதான், இரும்பு கீறிவிடும். விரலை அழுத்தினால் ஊசி நுனிகள் உதிரும். உருண்டையைத் தொடாமல், அடியிலிருக்கும் வெள்ளைக் கல்லோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டும். அங்கிருந்து உள்ளூர் தரகர், புனே வியாபாரி, ஏற்றுமதி என்று கைமாறும். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும்.

பயணத்தின் பெரிய நிறுத்தம் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள டூசான். அங்கே 1955இல் ஒரு பள்ளிக்கூடத்தில் சிறிய கண்காட்சியாகத் தொடங்கிய கனிமச் சந்தை, இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊரையே பிடித்துக்கொள்கிறது. விடுதி அறைகளே கடைகளாகிவிடும். அங்கே வரும் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, சேதத்தை. எங்காவது நுனி உடைந்திருக்கிறதா? நீலம் அடிக்கல்லின் நடுவில் அமைந்திருக்கிறதா, ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறதா? கல் தானாக நிற்குமா? ஓர் அங்குலக் கனசதுரப் பெட்டிக்குள் அடங்குவதற்கு ஒரு வகுப்பு, உள்ளங்கை அளவுக்கு இன்னொன்று, அலமாரிக்கு வேறொன்று என்று அளவு வாரியாகவும் போட்டி உண்டு.

இந்த உலகத்தின் ஒழுக்கம் விசித்திரமானது. அடிக்கல்லில் வேண்டாத பகுதியை வெட்டி எறியலாம், அது குற்றமில்லை. உதிர்ந்த உருண்டையைப் பசை போட்டு இன்னொரு கல்லில் ஒட்டினால் மோசடி. கேவன்சைட்டில் அந்த மோசடி நிறையவே நடந்திருக்கிறது. இயற்கையின் கலைப்படைப்பு என்று இதைச் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். எந்தப் பக்கம் முகம், எது வரை சட்டகம் என்று தீர்மானிப்பது மனிதன். ஆனால் நீலத்தை மட்டும் அவன் தொடக் கூடாது.

கல்லோடு கூடவே ஒரு சீட்டு பயணிக்கிறது: கனிமத்தின் பெயர், கிடைத்த இடம். இடம் தெரியாத கல்லுக்கு மதிப்பு பாதியாகும் என்பதால் பழைய உரிமையாளர்களின் சீட்டுகளைக்கூடத் தூக்கிப் போடமாட்டார்கள். எந்தப் பிரபு வைத்திருந்தார், எந்த அருங்காட்சியகம் விற்றது என்று வரலாறே கிடைக்கும். ஆனால் வாகோலித் துண்டுகளின் சீட்டுகளில் வழக்கமாக ஒரு பெயர் இருக்காது. அது ஜல்லிக்குப் போகவிருந்ததைக் கண்டு எடுத்தவரின் பெயர். ஆல்ப்ஸ் மலைப் பிளவுகளில் படிகம் தேடுபவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை இவருக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் கைக்கு ஒரு நீல உருண்டை விற்பனைக்கு வந்தால், லென்ஸ் வைத்து அடிப்பகுதியில் பசை மினுக்குகிறதா என்று பாருங்கள். எந்தக் குவாரி என்று கேளுங்கள். எடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். பதில் கிடைத்தால் அதையும் சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள்.